பத்து நிமிஷத் தையல்

புருஷனின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. அவள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

தைத்தது சேலையோ ரவிக்கையோ இல்லை. தண்ணீரில் ஆளை மிதக்கவைக்கும் லைஃப் ஜாக்கெட். ஆரஞ்சு நிறத்தில் கெட்டித் துணி, உள்ளே இரண்டு விரல் கனத்துக்கு நுரைத் துண்டுகள். விலாப் பக்கத்துத் தையல் இரண்டும் மேலிருந்து கீழ்வரை பிரிந்து கிடந்தன. பிரித்தவளும் அவள்தான். மடித்த விளிம்பு ஊசிக்கு அடியில் போக மாட்டேன் என்று முரண்டு பிடிக்க, சக்கரத்தைக் கையால் திருப்பித் திருப்பி இழுத்தாள். இந்த அவசரத்திலும் நூலைத் துணியோடு வைத்துப் பார்த்து நிறம் பொருத்தித்தான் எடுத்திருந்தாள். தொழில் புத்தி எங்கே போகும்!

கதவு தட்டப்பட்டது.

"அண்ணி! உள்ள என்ன மிஷின் சத்தம்?" நாத்தனாரின் குரல்.

"ஒண்ணுமில்ல. ரவிக்கைல கொக்கி விட்டுப்போச்சு."

"கொக்கி தைக்க மிஷின் எதுக்கு அண்ணி?"

சலவைக் கடையில் ஆல்டரேஷன் மேஜையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள், ஊர்க்காரர்களின் பேன்ட்டையெல்லாம் பிடித்தும் விட்டும் கொடுத்தவள், ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று விழித்தாள். நாத்தனார், துக்கத்தில் ஏதோ செய்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், போய்விட்டாள்.

கடைசி முடிச்சைப் போட்டு நூலை வெட்டிவிட்டு நிமிர்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கண் தானாகப் போயிற்று. உட்கார்ந்து ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது.

ஒன்பதே நிமிஷம். அவர் பத்து என்றுதான் கேட்டிருந்தார்.

ஜாக்கெட்டைக் குளியலறைக்கு வெளியே அதன் வழக்கமான கொக்கியில் மாட்டிவிட்டு, மிஷின் மேல் உறையைப் போட்டு மூடினாள்.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடினாலும் வருஷத்துக்கு ஒருமுறை இவர் போய்க் கயிற்றை இழுத்து, பிரேக்கைத் தட்டி, பத்திரம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. முக்காலியில் ஏறினால் ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். காருக்குள் கடைசி ஆள் பெல்ட் மாட்டும்வரை வண்டி நகராது. கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று நாத்தனார் ஒருமுறை கத்தியபோதும் நகரவில்லை. உறவுக்காரர்கள் அவருக்கு 'பெல்ட்டு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். போனில்கூட "பெல்ட்டு மாமா இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே "மாட்டிக்கிட்டுதான் இருக்கேன்" என்பார்.

இந்த மனுஷனுக்கு ஐம்பத்தைந்து வயதில் நண்டுப் பைத்தியம் பிடித்தது. பிடிக்க வைத்தவர் பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனவர், பல்லைக் கொடுத்துவிட்டுக் கயாக் ஆசையை வாங்கிக்கொண்டு வந்தார். ஒற்றை ஆள் உட்காரும் மஞ்சள் துடுப்புப் படகு அது. கரைக்குப் பக்கத்தில் டாக்டரின் ஷெட்டில் அதை வைத்துக்கொண்டார். கம்பி வலைக் கூட்டுக்குள் கோழிக் கழுத்தைக் கட்டி, கயிறும் மிதவையும் சேர்த்துக் கழிமுகத்தில் போட்டுவிட வேண்டியது. பிறகு ஒவ்வொரு மிதவையாகத் துடுப்புப் போட்டுப் போய்க் கயிற்றைக் கைமாற்றி இழுத்தால், கூட்டோடு நண்டு மேலே வரும். காலிடுக்கில் ஒரு வாளி, அதில் உதற வேண்டும். உதறுவதில் ஒன்றிரண்டு தப்பிக் கயாக்குக்குள்ளேயே ஓடும். முதல் வாரம் ஒன்று அவருடைய கட்டை விரலைக் கவ்விக்கொண்டு கரைவரைக்கும் கூடவே வந்தது. டாக்டர் பல் பிடுங்கும் பாவனையில் அதைப் பிடுங்கினாராம்.

அதிலும் இன்ஸ்பெக்டர் புத்தி போகவில்லை. ஒவ்வொரு நண்டையும் அளவுகோல் வைத்து அளப்பார். சின்னது என்றால் தண்ணீருக்குப் போகும். சினை இருந்தாலும் போகும். "நண்டுக்கும் சர்டிபிகேட் குடுக்கற ஒரே ஆள் நீங்கதாங்க" என்று அவள் கிண்டல் செய்வாள். போட்ட கூட்டை மறுநாளே எடுத்துவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். விட்டுவிட்டால் உள்ளே மாட்டியவை பசியில் ஒன்றையொன்று பிய்த்துத் தின்னும். எல்லாவற்றுக்கும் மேலே தலையாய சட்டம் ஒன்று: ஜாக்கெட் இல்லாமல் தண்ணீரில் கால் வைப்பதில்லை. நீச்சல் அவருக்கு அரைகுறை.

ஐந்து வருஷமாக எல்லாச் சனிக்கிழமையும் நண்டுக்குப் போனது. அவளுக்கும் சனிக்கிழமைதான் லீவு. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபிறகு, வீட்டில் சனிக்கிழமை காலையில் கேட்பது ஃபிரிட்ஜ் சத்தம் ஒன்றுதான். "ஒரு வாரம் இருங்களேன்" என்று எத்தனையோ முறை கேட்டாள். "அடுத்த வாரம்" என்பார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. என்ன செய்யப் போகிறாய் என்று யாராவது அவளைக் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஏழரை வரைக்கும் தூங்கலாம். அவர் காபி போடுவார், இவள் நன்றாக இல்லை என்பாள். அவ்வளவுதான் ஆசை.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் தூங்கியபிறகு ஜாக்கெட்டை எடுத்து, பிளேடால் தையலைப் பிரித்து, நுரைத் துண்டுகளை உருவிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உறையை வாளியில் சோப்புத் தண்ணீரில் முக்கினாள். நாற்றம் அடிக்கிறது, துவைக்கத்தான் வேண்டும் என்பது வெளியில் சொல்ல வைத்திருந்த காரணம். ஜாக்கெட் இல்லாவிட்டால் அவர் போகமாட்டார் என்பதுதான் கணக்கு. வேறு யார் வீட்டிலும் இந்தக் கணக்கு பலிக்காது. அந்த மனுஷனிடம் நிச்சயம் பலிக்கும் என்று நம்பினாள்.

அவளுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. டாக்டர் அன்று சாயங்காலமே போய் இரண்டு பேருடைய கூடுகளையும் போட்டுவிட்டு வந்திருந்தார்.

காலையில் அவர் கேட்டார். "கூடு தண்ணில கெடக்கு. பத்து நிமிஷ வேலைதானே, தைச்சுக் குடுத்துடேன்."

"ஈரத் துணி. ஊசி ஒடைஞ்சிடும்."

ஊசி உடையாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வாசல் கேட்வரைக்கும் போய்த் திரும்பி வருவார் என்று படுத்தபடியே காத்திருந்தாள். கார் கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

மகள் நேற்றே கடைசி விமானத்தைப் பிடித்து வந்துவிட்டாள். வந்ததிலிருந்து அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். முன்னறையில் அப்பாவைக் கொண்டுவந்து படுக்கவைத்தபிறகும் அது அடங்கவில்லை.

"எங்களையெல்லாம் பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு உசிரை எடுத்தாரே அத்தை! எனக்கு மட்டும்தான் சட்டமா? அவருக்கு இல்லியா? எவ்ளோ திமிரு பாருங்க!"

"செத்தவரை அப்படிச் சொல்லாதடி" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு அவளும், "ஆனா அண்ணன் ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னு எனக்கும் புரியல" என்றாள்.

வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். பெல்ட்டா? ஜாக்கெட் போடாமலா? லிஃப்ட் கம்பெனிக்காரர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவங்க இப்படித்தான்." அவள் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவள் வாயைத் திறக்கவில்லையே. ஊர் என்ன நினைத்தாலும் போகிறது, அவளுக்கு மகளை நினைத்துத்தான் பயம். இருக்கிறது ஒரே ஒரு பெண். இதைச் சொன்னால் அவளும் போய்விடுவாள்.

இரண்டு மணிக்குப் படகுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஃபைலைத் திறந்தார். முன்னறையில் முடியாது என்பதால் பின்னறைக்குப் போனார்கள். மகள், டாக்டர், அவள். அதிகாரிக்குத் தையல் ஸ்டூல்தான் கிடைத்தது. மிஷின் மேஜையிலேயே ஃபைலை வைத்துக்கொண்டார்.

டாக்டர் இரண்டு நாளில் பத்து வயது கூடினாற்போல் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அஞ்சு கூடு எடுத்துட்டார். ஆறாவது கல்லுல மாட்டிக்கிச்சு. விட்டுடுங்கன்னு கத்தினேன். உள்ள நண்டு இருக்கும் டாக்டர்னாரு. கயிறைக் கையில சுத்திக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு இழுத்தாரு. அப்போ பார்த்து ஒரு மோட்டார் படகு போச்சு. அலை வந்துச்சு, கவுந்துடுச்சு. நான் நூறு அடி முன்னால இருந்தேன். துடுப்புப் போட்டுத் திரும்பறதுக்குள்ள..."

"ஜாக்கெட் போடலைன்னு நீங்க கவனிச்சீங்களா?"

"கேட்டேன் சார். 'இன்னிக்கு ஒரு நாள் டாக்டர், பேசாம வாங்க'ன்னாரு."

அவள் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். வேறெதுவும் சொல்லவில்லையா? பெண்டாட்டி பிரித்துப் போட்டுவிட்டாள் என்று சொல்லவில்லையா? சிநேகிதனிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. காட்டிக்கொடுக்கவில்லை.

"ஜாக்கெட் வீட்ல இருக்கா?" என்றார் அதிகாரி.

மகள் விருட்டென்று எழுந்து போய்க் கொக்கியிலிருந்து எடுத்து வந்து மேஜைமேல் போட்டாள். "இதோ இருக்கு. நல்லாத்தான் இருக்கு. போட்டுக்கத்தான் மனசு வரல."

அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து, வழக்கப்படி வாசித்துக் காட்டினார்.

"வீட்டில் நல்ல நிலையில் பாதுகாப்பு ஜாக்கெட் இருந்தும், இறந்தவர் தமது கவனக்குறைவால் அதை அணியாமல் சென்றதே மரணத்துக்குக் காரணம் எனத் தெரிகிறது. இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

பேனா அவள் கைக்கு வந்தது. கவனக்குறைவு. அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கமானதுதான். முன்பு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழியில் விழுந்து ஒரு மெக்கானிக் செத்துப்போனான். அவள் புருஷன்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும். மூன்று நாள் எழுதாமல் வைத்திருந்தார். சாப்பிடக்கூட இல்லை. கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட வேண்டியதுதானே என்று இவள் கேட்டபோது, "எழுதிட்டா செத்தவன் எழுந்து வந்து இல்லைன்னு சொல்ல முடியாதுடி" என்றார். நாலாம் நாள் போய்க் குழிக்குள் இறங்கிப் பார்த்து, கதவுப் பூட்டில்தான் கோளாறு என்று கண்டுபிடித்து எழுதினார்.

"இதுல போட முடியாது" என்றாள்.

"ஏம்மா?"

"அந்த வார்த்தை பொய். அடிச்சிடுங்க."

"அம்மா!" என்றாள் மகள். "உண்மையத்தானே எழுதியிருக்காரு?"

அவள் மிஷின் டிராயரை இழுத்துப் பிளேடை எடுத்தாள். அதிகாரி சட்டென்று பின்னால் நகர்ந்தார். அவள் ஜாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்து, விலாவில் காலையில் போட்ட தையலில் பிளேடை வைத்துச் சர்ரென்று கீழ்வரைக்கும் பிரித்தாள். நுரைத் துண்டு மேஜைமேல் சரிந்தது. உறையின் உள்பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை.

"இது இன்னிக்குக் காலைல தைச்சது. சனிக்கிழமை காலைல இப்படித்தான் கெடந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி நான் பிரிச்சேன்."

"துவைக்கறதுக்காகவா?"

"துவைக்கறதுக்குன்னு சொல்லிக்கிட்டேன். வேணும்னேதான் பிரிச்சேன். இது இல்லாட்டிப் போகமாட்டாரு, ஒரு நாள் வீட்ல இருப்பாருன்னு. தைச்சுக் குடுன்னு கேட்டாரு. பத்து நிமிஷம்தானேன்னு கேட்டாரு. ஊசி ஒடையும்னு பொய் சொன்னேன். எழுதிக்கோங்க."

முன்னறையில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதிகாரி பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "என் கார் டிக்கில பழைய ஜாக்கெட் ஒண்ணு கெடந்துச்சு சார். இருநூறடி நடந்து எடுத்துட்டு வந்திருக்கலாம். தண்ணி ஏறுதே, நேரமாகுதேன்னு..." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அதிகாரி ஒரு வரியை அடித்தார். மேலே சின்ன எழுத்தில் வேறொன்று எழுதி வாசித்தார். "ஜாக்கெட் தையல் பிரிக்கப்பட்டு ஈரமாக இருந்ததால், அன்று அணியக்கூடிய நிலையில் இல்லை. சரியாம்மா?"

"நான் வேணும்னே பிரிச்சேன்னு எழுதலியே."

"அதை எழுதறதுக்கு இதுல இடம் இல்லம்மா" என்றார். வாங்கிக்கொண்ட கையெழுத்தை ஊதிக் காயவைத்துவிட்டு, டாக்டரையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

மகள் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். மேஜைமேல் கிடந்த ஆரஞ்சு நூல் துணுக்குகளையே பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"நேத்து ராத்திரிலேர்ந்து நான் அப்பாவைத் திட்டிக்கிட்டே இருக்கேன்" என்றாள். "திமிரு பிடிச்சவருன்னு சொன்னேன். அவரு முன்னாடி வெச்சே சொன்னேன். நீ பக்கத்துலேயே உட்காந்து கேட்டுக்கிட்டு இருந்தே."

"ஆமா."

"காலைல கதவைச் சாத்திக்கிட்டுத் தைச்சியா? அப்பா வர்றதுக்குள்ள?"

"ஆமாடி."

"எப்படிம்மா முடிஞ்சுது உன்னால?"

பயமாக இருந்தது, அதனால் தைத்தேன் என்று சொல்லலாம். அது ஒரு பதிலா?

"போகாதீங்கன்னு வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே!"

"அஞ்சு வருஷமாச் சொன்னேன்டி."

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "நீ வேணும்னே பண்ணினது அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். பாத்த உடனே தெரிஞ்சுக்கிட்டாரு."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"இல்ல. சிரிச்சாரு." இங்கேதான் அவளுக்குக் குரல் உடைந்தது. "'அடி கள்ளி, நாலாயிரம் லிஃப்ட்டை நான் நிறுத்தியிருக்கேன், என்னை நிறுத்தப் பாத்தவ நீதான்டி'ன்னு சொன்னாரு. 'ஒம்பது மணிக்குள்ள வந்துடறேன், அதுக்கப்புறம் இன்னிக்கு முழுக்க உங்கூடத்தான்'னாரு. நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்துக்கிட்டேன்."

சொல்லி முடித்ததும் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் ஓர் அடி முன்னால் வந்தாள். வந்தவள் அப்படியே திரும்பிக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

நாலு மணிக்கு வேன் வந்தது. ஆண்கள் நாலு பேர் தூக்கினார்கள். வாசற்படியில் இறங்கும்போது, "மெதுவா, மெதுவா, பாத்துக் காலை வைங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தார். பின்பக்கக் கதவு வழியாக உடலை உள்ளே வைத்தார்கள். பக்கவாட்டில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பலகை இருந்தது. மகள் யாரையும் கேட்காமல் ஏறி, உள்ளே தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அவள் வேனுக்கு அருகே போய் நின்றாள். ஒரு கை கதவில் இருந்தது. ஏறவில்லை. மகள் ஜன்னலுக்கு வெளியே, மூடிக்கிடந்த எதிர்வீட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் இருந்த இடத்தை அந்தப் பை நன்றாகவே அடைத்துக்கொண்டிருந்தது.

நாத்தனாருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஏதோ புரிந்துவிட்டது. மெல்ல வந்து தோளைத் தொட்டாள். "நீங்க எங்கூடக் கார்ல வந்துடுங்க அண்ணி. சாஞ்சு உட்காந்துக்கலாம்."

"சரி" என்றாள் அவள். கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏறுறவங்க ஏறுங்கம்மா, கிளம்பலாம்" என்று டிரைவர் முன்னாலிருந்து குரல் கொடுத்தார்.

மகள் தலையைத் திருப்பவில்லை. அந்தக் கேட்டையே பார்த்தபடி, கையை மட்டும் நீட்டிப் பக்கத்தில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.